ஊர்ச் சைட் படுத்திட்டுதெண்டால் எங்கயிருந்து பாக்கத் தொடங்கிறது: டிடொஸ் அடி, அறிகுறி வாரியா

ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், கோயில் லைவ், மரண அறிவித்தல் எண்டு எதையோ ஒரு சின்னச் சேர்வரில போட்டு, சம்பளம் இல்லாமல் வேலையால வந்து இரவில குந்தியிருந்து பாக்கிற ஆக்களுக்குத்தான் இதை எழுதிறன். பெரிய கம்பனியளுக்கு இல்லை, அவைக்கு ஆள் இருக்கு.

டிடொஸ் எண்டால் ஆயிரக்கணக்கான மெசினுகள் ஒரே நேரத்தில உங்கட சேர்வரிட்ட எதையாவது கேட்டுக்கொண்டே நிக்கும், அதுகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சேர்வர் களைச்சுப் போக உண்மையா வாற ஆளுக்கு இடம் இல்லாமப் போயிடும். உள்ளுக்க ஒருத்தரும் வரேல்லை, ஒண்டும் களவு போகேல்லை. அதால பதறியடிச்சு எல்லாப் பாஸ்வேட்டையும் மாத்திறது முதல் வேலை இல்லை. சேர்வரைத் திருப்பித் திருப்பி ரீஸ்டார்ட் பண்ணுறதும் வேண்டாம், ரெண்டு நிமிசத்துக்கு எழும்பும் பேந்து விழும், அந்த நேரத்தில மெமரியில இருந்த தடயமும் போயிடும். முதல்ல அக்சஸ் லொக்கை (ஆர் எந்த நேரம் என்ன கேட்டது எண்டு சேர்வர் எழுதி வைக்கிற பதிவு) வேற இடத்துக்கு ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ, மிச்சம் பிறகு.

இன்னொண்டு. நெட்டில கிடக்கிற வழிகாட்டியளில முக்காவாசி "உங்கட ஆக்கள் இல்லாத நாடுகளை மூடுங்கோ" எண்டு தொடங்கும். எங்கட ஆக்கள் இல்லாத நாடு எது? கனடா, லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா, கட்டாருக்கு வேலைக்குப் போன பெடியள், இதுக்குள்ள வன்னியில நிண்டு போனில பாக்கிற சனம். ஆகவே யாழ்ப்பாணத்துச் சைட்டுக்கு அந்த வைத்தியத்தை அப்பிடியே செய்தால் அடிக்கிறவனை விட நாங்கள்தான் கூடின சனத்தை வெளியில விடுவம். கீழ சொல்லுறது எல்லாத்தையும் இதை மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

"தம்பி எனக்குத் திறக்குதில்லை, உங்களுக்குத் திறக்குதோ?"

முதல் வாற முறைப்பாடு எப்பவும் இதுதான். ஒராள் சொன்னால் ஒண்டும் செய்யாதேங்கோ. மூண்டு பேரிட்டக் கேளுங்கோ, ஒராள் யாழ்ப்பாணத்தில வைஃபையை நிப்பாட்டிப்போட்டு போன் டேட்டாவில பாக்கோணும், ஒராள் ரொரன்ரோ, ஒராள் லண்டன். யாழ்ப்பாணத்தில மட்டும் வரேல்லை எண்டால் அது லைன் பிரச்சினையாவோ கரண்ட் போய் றவுட்டர் படுத்ததாவோதான் இருக்கும். எல்லா இடமும் வரேல்லை எண்டால் என்ன எழுதிக் காட்டுது எண்டு ஸ்கிரீன்சொட் கேளுங்கோ, "வேலை செய்யேல்லை" எண்ட சொல்லில ஒண்டும் பிடிக்கேலாது. 502, 504, 522 எண்டு சேர்வர் பதில் தரேல்லை எண்ட பிழை நம்பர் ஏதும் தெரிஞ்சால் கீழ போங்கோ.

பெயரையே கண்டுபிடிக்கேலாமல் இருக்கு எண்டு பிரௌசர் சொன்னால் பிரச்சினை டிஎன்எஸ் பக்கம், அதாவது சைட்டின்ட பெயரைச் சேர்வரின்ட நம்பரா மாத்தித் தாற இடம். அதில ரெண்டு வகை. டிஎன்எஸ் தாற கம்பனிக்கே அடி விழுந்திருக்கலாம், 2016 ஒக்டோபர் 21 டைன் எண்ட கம்பனிக்கு மிராய் எண்ட பொட்நெட்டால (களவாப் பிடிச்சு வச்சிருக்கிற மெசினுகளின்ட கூட்டம்) அடிச்ச நேரம் ட்விட்டர், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில படுத்துது, அவையின்ட சேர்வருக்கு ஒரு குறையும் இருக்கேல்லை. ஆனால் எங்கட சைட்டுகளில பத்துக்கு எட்டுத் தரம் காரணம் வேற, டொமைன், அதாவது சைட்டின்ட பெயருக்குக் காசு கட்டின காலம், முடிஞ்சிருக்கும். தொடக்கத்தில ஆரோ ஒரு அண்ணை தன்ர கார்ட்டால வாங்கியிருப்பார், அந்தக் கார்ட் காலாவதி, ஞாபகப்படுத்தி வாற ஈமெயில் அவர் பாக்காத முகவரிக்குப் போகும். தாக்குதல் எண்டு வைபர் குறூப்பில சத்தம் போட முதல் டொமைன் திகதியை ஒருக்காப் பாருங்கோ.

"சைட் ஊருது, லோட் ஏறிக்கொண்டே போகுது"

இது அடியோ, இல்லாட்டி சனம் கூடினதோ? ரெண்டும் கிராஃபில முதல் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், மருந்து நேர் எதிர். அடி எண்டு நினைச்சு மூடினால் தேர் அண்டைக்கு சனம் ஏசும்.

முதல்ல கலண்டரைப் பாருங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ம் நாள் தேர், காலமை 7 மணிக்குத் தேர் எண்டால் ரொரன்ரோவில முதல் நாள் இரவு 9.30, சாப்பிட்டிட்டு ரீவி முன்னால எல்லாரும் இருக்கிற நேரம், சிட்னியில காலமை 11.30, லண்டனில மட்டும்தான் விடியப்புறம் 2.30, அப்பவும் அலாரம் வச்சு எழும்பிற ஆக்கள் இருக்கினம். மாசியும் பங்குனியும் எண்டால் பிக் மட்ச், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் சென்ரலும் சென் ஜோன்சும் கிரிக்கெட்டில மோதிற வடக்கின் பெருஞ்சமர், ஸ்கோர் பக்கத்தை நிமிசத்துக்கு நாலு தரம் ரீபிரெஷ் பண்ணுவாங்கள். பரீட்சை முடிவு வாற அண்டைக்கும் அப்பிடித்தான். ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வாத்தியார் மோசம் போனால் அந்த ஒரு அறிவித்தல் லிங்க் அரை மணித்தியாலத்தில எல்லாக் குறூப்புக்கும் போயிடும்.

கலண்டரில ஒண்டும் இல்லையெண்டால் லொக்கைத் திறந்து ஒரு ஐபியை (நெட்டில ஒரு மெசினின்ட முகவரி நம்பர்) பிடிச்சு அது என்ன செய்யுது எண்டு பின்னால போய்ப் பாருங்கோ. மனுசர் வந்தால் முதல் பக்கம் எடுக்கும், அதோட சேந்து ஸ்டைல் ஃபைல், லோகோ, போட்டோ எல்லாம் எடுக்கும், பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் (வாசிக்கினம்), பிறகு இன்னொரு பக்கம். பொட் (தானா ஓடுற புரோகிராம்) எண்டால் படமும் எடுக்காது ஸ்டைலும் எடுக்காது, ஒரே முகவரியைச் செக்கனுக்குச் செக்கன் கேட்டுக்கொண்டு நிக்கும், ஐநூறு ஐபியும் ஒரே பிரௌசர் பெயரைச் சொல்லும், அதுவும் ஒருத்தரும் இப்ப பாவிக்காத பழைய குரோம் வேர்சன். சனம் கூடிறது மலை மாதிரி ஏறி இறங்கும், அடி ஒரே செங்குத்தா ஏறும்.

சனம்தான் எண்டால் சந்தோசப்படுங்கோ. வீடியோவை உங்கட சேர்வரால விடாமல் யூடியூப்பில விட்டிட்டு அந்தப் பெட்டியை மட்டும் பக்கத்தில ஒட்டுங்கோ, முதல் பக்கத்தை ஒரு நிமிசத்துக்காவது கேஷ் பண்ணுங்கோ (ஒருக்காச் செய்த பக்கத்தைச் சேத்து வச்சு எல்லாருக்கும் அதையே குடுக்கிறது). அதோட சரி.

"502 எண்டு வருது, பிறகு வருது, பிறகு 504"

சேர்வருக்குள்ள போய் டாப் கட்டளையைப் போட்டால் சிபியு முட்டிப்போய் நிக்கும், டேட்டாபேஸ்தான் மேல நிக்கும், ஆனால் பாண்ட்விட்த் கிராஃபைப் பாத்தால் பெரிசா ஒண்டும் இருக்காது. இது எச்டிடிபி ஃப்ளட், பக்கம் தா பக்கம் தா எண்டு கேட்டுக் கொட்டிற அடி. எங்கட மாதிரிச் சின்னச் சைட்டுக்குக் கூடுதலா வாற அடி இதுதான், ஏனெண்டால் மலிவு. பெரிய பொட்நெட் தேவையில்லை, சேர்வருக்கு ஆகக் கஷ்டமான பக்கம் எது எண்டு கண்டுபிடிச்சு அதை மட்டும் கேட்டால் காணும்.

எங்கட சைட்டுகளில அந்தக் கஷ்டமான பக்கம் எது எண்டால் தேடல் பெட்டி. பத்துப் பதினைஞ்சு வருசத்து மரண அறிவித்தல் முழுக்க ஒரே டேபிளில கிடக்கும், அதில பெயரைத் தேடினால் முதலில இருந்து கடைசி மட்டும் வாசிச்சுத்தான் பதில் வரும். அடிக்கிறவன் ஒவ்வொரு தரமும் வேற வேற எழுத்தைப் போட்டுத் தேடுவான், அதால கேஷும் உதவாது. லொக்கில தேடல் வரிகள் அர்த்தமில்லாத எழுத்துகளோட நூற்றுக்கணக்கில வரிசையா வந்தால் இதுதான் எண்டு பிடிச்சுக்கொள்ளுங்கோ. வேர்ட்பிரஸ் எண்டால் லொகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலையும் (வெளி ஆப்புகள் சைட்டோட கதைக்கிற வழி) பாருங்கோ, ரெண்டாவதை ஒருத்தரும் பாவிக்காட்டி ஒரேயடியா மூடுங்கோ.

முதல் அஞ்சு நிமிசத்தில செய்யக் கூடியது: தேடலை லொகின் பண்ணின ஆக்களுக்கு மட்டும் எண்டு ஆக்குங்கோ, வெளி ஆக்களுக்கு "தேடல் தற்காலிகமா இல்லை" எண்டு ஒரு வரி. அரைவாசி அடி இதிலயே செத்துப்போகும். பிறகு என்ஜின்எக்ஸில (பக்கங்களை அனுப்பிற வெப் சேர்வர் மென்பொருள்) ரேட் லிமிட் போடுங்கோ. இஞ்சதான் கவனம் வேணும். மொபைல் கம்பனியள் ஐபி தட்டுப்பாட்டால நூற்றுக்கணக்கான போன்களை ஒரே ஐபிக்குப் பின்னால வச்சிருப்பினம். நீங்கள் "ஒரு ஐபிக்கு நிமிசத்துக்கு இவ்வளவுதான்" எண்டு இறுக்கினால் சாவகச்சேரியில ஒராள் பக்கத்தைத் திறக்க கொடிகாமத்தில இன்னொராளுக்கு 429 (அளவுக்கு மிஞ்சிக் கேட்டிட்டீங்கள் எண்ட பிழை) விழும். அதால முழுச் சைட்டுக்கும் போடாதேங்கோ, தேடல், லொகின், கருத்து எழுதிறது, இந்த மூண்டு பக்கத்துக்கும் மட்டும் இறுக்குங்கோ, வாசிக்கிற பக்கங்களைக் கேஷில இருந்து குடுங்கோ, அதுக்கு லிமிட்டே தேவையில்லை. ஃபெயில்டுபான் மாதிரி ஐபியைத் தானாத் தூக்கிப் போடுற சாமான் வச்சிருந்தால் தடை நேரத்தைக் குறைச்சு வையுங்கோ, பத்து நிமிசம் காணும், மொபைல் ஐபியை ஒரு கிழமைக்கு அடைச்சால் ஊரில பாதியை அடைச்ச மாதிரித்தான்.

நாட்டை வச்சு ஏதும் செய்யத்தான் வேணும் எண்டால் அடைக்காதேங்கோ, சோதியுங்கோ. கிளவுட்பிளேயர் மாதிரி, சைட்டுக்கு முன்னால நிண்டு அடியை வடிகட்டிற சேவை ஒண்டுக்குப் பின்னால இருந்தால் சந்தேகமான இடத்தில இருந்து வாற ஆக்களுக்கு அந்த "நீங்கள் மனுசரோ" பக்கத்தைக் காட்டலாம், உண்மையான ஆள் ரெண்டு செக்கன் பொறுத்து உள்ளுக்க வருவார். அண்டர் அட்டாக் மோட் எண்ட சுவிச்சை எல்லாருக்கும் போட்டால் பழைய போன் வச்சிருக்கிற அம்மாமாருக்கு அந்தச் சோதனை சுத்திக்கொண்டே நிக்கும், ஆகவே அடி முடிஞ்சோண்ண மறக்காமல் எடுங்கோ. கனபேர் மாசக்கணக்கா அப்பிடியே விட்டிருக்கினம்.

மென்பொருளை அப்டேட் பண்ணுறதும் இதில ஒரு பகுதிதான். 2023இல எச்டிடிபி 2இல (பிரௌசரும் சேர்வரும் கதைக்கிற முறை) இருந்த ஓட்டையைப் பாவிச்சு, கேட்கிறதும் உடன ரத்துச் செய்யிறதுமா, செக்கனுக்கு 39 கோடி 80 லட்சம் கோரிக்கை கூகிளுக்கு அடிச்சவங்கள். உங்களுக்கு அவ்வளவு வராது, ஆனால் அந்த ஓட்டை அடைக்காத பழைய சேர்வர் மென்பொருள் எண்டால் அதை விடக் குறைய வந்தாலும் தாங்காமல் போகலாம்.

"சிபியு சும்மா கிடக்கு, லைனும் சும்மா கிடக்கு, ஆனால் பக்கம் சுத்திக்கொண்டே நிக்குது"

இது ஆகக் குழப்பிற ஒண்டு, எல்லாம் நல்லாயிருக்கிற மாதிரித்தான் தெரியும். திறந்து கிடக்கிற இணைப்புகளை எண்ணுங்கோ, எஸ்எஸ் கட்டளை காணும்.

இணைப்பு முழுக்க பூர்த்தியாகி, ஆனால் ஒண்டுமே கேட்காமல் கிடந்தால் ஸ்லோலோரிஸ் வகை. தபால் கந்தோரில ஒரே ஒரு கவுண்டர், அதில ஒரு ஐயா நிண்டு ஃபோர்மை ஒரு எழுத்து எழுதி, பேனையைப் பாத்து, இன்னொரு எழுத்து எழுதிறார், பின்னால வரிசை நீளுது, அவர் சண்டையும் பிடிக்கேல்லை சத்தமும் போடேல்லை, அதால ஒருத்தரும் எழுப்பவும் ஏலாது. 2009இல வந்த வித்தை, இண்டைக்கும் பழைய அப்பாச்சியில (இன்னொரு வெப் சேர்வர் மென்பொருள்) வேலை செய்யும். ஒரு லப்டொப்பாலயே ஒரு சைட்டைப் படுக்க வைக்கலாம். மருந்து: அப்பாச்சிக்கு முன்னால என்ஜின்எக்ஸை வையுங்கோ, இல்லாட்டி ரெக்வெஸ்ட் டைம்அவுட் மொடியூலைப் போட்டு இவ்வளவு செக்கனுக்குள்ள தலைப்பு முழுக்க வராட்டி வெட்டு எண்டு சொல்லுங்கோ. ஆனால் வெட்டிற நேரத்தை ஆகக் குறைக்காதேங்கோ, சிக்னல் ஒரு கட்டை மட்டும் காட்டிற இடத்தில இருந்து போட்டோ ஏத்திற ஆளும் மெல்லத்தான் அனுப்புவார்.

இணைப்பு அரைகுறையா, பதிலுக்குக் காத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில நிண்டால் அது சின் ஃப்ளட். பழசு. 1996 செப்டெம்பரில நியூயோர்க்கில பனிக்ஸ் எண்ட இன்ரநெற் கம்பனியை இதாலதான் நாள்கணக்கா முடக்கினவங்கள், அந்த மாசமே டேனியல் பேர்ன்ஸ்டீன் சின் குக்கி எண்ட தடுப்பு வழியைச் சொன்னவர். லினக்ஸில அது இருக்கு, கூடுதலா ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கும், போட்டிருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ.

"ஒண்டுமே இல்லை. பிங்கும் இல்லை. எனக்கே உள்ளுக்க போகேலாமல் கிடக்கு"

தூரத்தில இருந்து சேர்வருக்குள்ள போற எஸ்எஸ்எச்சும் வராது. பதறாமல் ஹொஸ்டிங் கம்பனியின்ட பனலுக்குப் போய் அதில இருக்கிற கொன்சோலைத் திறவுங்கோ. உள்ளுக்க சேர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டு நிண்டால் பாதைதான் அடைபட்டிருக்கு, உங்கட ஈமெயிலையும் பாருங்கோ, ஐபியை நல் ரூட் பண்ணிட்டம் எண்டு கம்பனி அனுப்பியிருக்கும். உங்கட ஒரு ஐபிக்கு வாற வெள்ளத்தால பக்கத்துச் சேர்வருகளும் தாழுது எண்டு அவை உங்களை இன்ரநெற்றில இருந்தே கொஞ்ச மணித்தியாலத்துக்கு எடுத்து விடுவினம். கோவம் வரும், ஆனால் அவையின்ட நிலையில நிண்டு பாத்தால் வேற வழியும் இல்லை.

இந்த வகை அடிக்கு சேர்வருக்குள்ள ஃபயர்வோல் போட்டுப் பிரயோசனமே இல்லை, வெள்ளம் உங்கட சேர்வருக்கு வாறதுக்கு முதலே குழாய் நிறைஞ்சிடும். 2018 மாசி 28 கிட்ஹப்புக்கு (புரோகிராம் எழுதிற ஆக்கள் பாவிக்கிற பெரிய சைட்) செக்கனுக்கு 1.35 டெராபிட் அடிச்சது, கவனமில்லாமல் திறந்து கிடந்த மெம்கேஷ்டு எண்ட கேஷ் மென்பொருள் ஓடுற சேர்வருகளுக்கு ஒரு சின்னக் கேள்வியை கிட்ஹப்பின்ட பெயரில அனுப்ப அதுகள் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய பதிலை கிட்ஹப்புக்குக் கொட்டிச்சுது. கிட்ஹப் ஆக்களே பாதையை அகமாய் எண்ட, அடியை வடிகட்டிற பெரிய கம்பனிக்குத் திருப்பித்தான் தப்பினவை. மாசம் பத்து டொலர் சேர்வரில நீங்கள் என்ன செய்யிறது, முன்னால ஒரு பெரிய ஆளை நிப்பாட்டத்தான் வேணும். கிளவுட்பிளேயர் 2017இல இருந்து இலவசத் திட்டத்திலயும் அடியின்ட அளவுக்குக் காசு கேட்கிறேல்லை. செய்தி, மனித உரிமை சம்பந்தமான சைட் எண்டால் கூகிளின்ட புரொஜெக்ட் ஷீல்டுக்கும் விண்ணப்பிக்கலாம், அதுவும் இலவசம்.

இதில ஒழுங்கு முக்கியம், கனபேர் பிழைக்கிறது இஞ்சதான். முதல்ல டிஎன்எஸ்ஸை புரொக்சிக்கு (முன்னால நிப்பாட்டிற அந்தச் சேவை) பின்னால கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு ஹொஸ்டிங்கிட்டப் புது ஐபி கேளுங்கோ, பழைய ஐபி அடிக்கிறவனுக்குத் தெரியும், பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேத்து வைக்கிற இடங்களில காலகாலத்துக்கும் கிடக்கும். புது ஐபிக்கு புரொக்சியின்ட முகவரிகளில இருந்து மட்டும் வரலாம் எண்டு ஃபயர்வோல் போடுங்கோ. கடைசியா ஈமெயில். இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. "உங்கட பாஸ்வேட்டை மாத்த இந்த லிங்கை அழுத்தவும்" எண்டு சைட் அனுப்பிற ஈமெயில் அதே சேர்வரில இருந்து போனால் அதின்ட தலைப்பில புது ஐபி வடிவா எழுதிக் கிடக்கும், அடிக்கிறவன் ஒரு கணக்கைத் திறந்து பாஸ்வேட் மறந்துபோச்சு எண்டு சொன்னால் காணும், எடுத்துப்போடுவான். ஈமெயிலை வேற சேவையால அனுப்புங்கோ.

"சைட் படுக்கேல்லை, ஆனால் ஒரு மாசமா மெதுவாத்தான் கிடக்கு, பாண்ட்விட்த் பில்லும் கூட"

இது அடி இல்லாமலும் இருக்கலாம். ஏஐ கம்பனிகளுக்கு எழுத்துச் சேக்கிற பொட்டுகள் இப்ப எல்லாத்தையும் முதலில இருந்து வாசிக்குதுகள், 2008ம் ஆண்டுக் கலண்டர் பக்கத்தையும் விடாதுகள். அடிக்கிறவன் ஒரு பக்கத்தைக் கன தரம் கேட்பான், இதுகள் எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொருக்காக் கேட்கும், அதுதான் வித்தியாசம். எதை எடுக்கக் கூடாது எண்டு பொட்டுகளுக்குச் சொல்லுற ரோபோட்ஸ் ஃபைலில எழுதினால் சிலது கேட்கும் சிலது கேட்காது. முடிவில்லாமல் அடுத்த மாசம் அடுத்த மாசம் எண்டு போற கலண்டர் லிங்குகளை எடுத்துவிடுங்கோ.

"பிட்கொயின் தா, இல்லாட்டி நாளைக்கும் அடிப்பன் எண்டு ஈமெயில் வந்திருக்கு"

குடுக்காதேங்கோ. 2015 கார்த்திகையில சுவிஸில இருக்கிற புரொட்டன்மெயில் 15 பிட்கொயின் குடுத்தது, குடுத்த பிறகும் அடி நிக்கேல்லை. பதிலும் எழுதாதேங்கோ, ஈமெயிலை அழிக்காமல் தலைப்போட சேத்து வையுங்கோ. இலங்கையில 2007ம் ஆண்டின் 24ம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, இலங்கை சேர்ட்டுக்கும் (கணினி அவசர உதவி அமைப்பு) பொலிசுக்கும் அறிவிக்கலாம், சேர்வர் ஜேர்மனியில எண்டால் ஹொஸ்டிங் கம்பனிக்கும் எழுதுங்கோ.

"செய்தது ஆரெண்டு எனக்குத் தெரியும்"

சேர்வரை விட முதல் விழுறது சனத்தின்ட பொறுமை. சைட் படுத்து ஒரு மணித்தியாலத்தில வைபரில தொடங்கும், கோயில் நிர்வாகத்தில போன வருசம் சண்டை பிடிச்ச ஆள்தான் செய்தவர் எண்டு ஒராள், இல்லை மற்றச் சங்கம்தான் எண்டு இன்னொராள். லொக்கில இருக்கிற ஐபியை வச்சு ஆளைப் பிடிக்கேலாது, அது பிரேசிலில ஆரோ ஒரு ஆளின்ட தொற்றுப் பட்ட றவுட்டரா இருக்கும், வெள்ளம் வகையில ஐபியே பொய்யா இருக்கலாம். ஆகவே லொக்கை குறூப்பில போடாதேங்கோ, அதில எங்கட சொந்த ஆக்களின்ட ஐபியும் கிடக்கு.

சனத்துக்குத் தேவை விளக்கம் இல்லை, எங்க போறது எண்டதுதான். அதை அடி விழ முதலே சொல்லி வைச்சிருக்கோணும்: சைட் இல்லையெண்டால் இந்த பேஸ்புக் பக்கம், இந்த ரெண்டு பேர் சொன்னால் மட்டும்தான் உண்மை. இல்லாட்டி "புது முகவரி இதுதான்" எண்டு ஆரோ ஒரு கள்ள லிங்க் சுத்தும், சனம் அதில போய் பாஸ்வேட்டை அடிக்கும்.

எதை முதல்ல எழுப்பிறது? சமையல் குறிப்பும் பழைய போட்டோவும் ரெண்டு நாள் பொறுக்கும். மரண அறிவித்தல் பொறுக்காது, நாளைக்கு 10 மணிக்குக் கிரியை எண்டால் இண்டைக்கு இரவு தெரியோணும். அதால அறிவித்தலுக்கு மட்டும் டேட்டாபேஸ் இல்லாத ஒரு வெறும் பக்கம் வேற இடத்தில ஆயத்தமா வையுங்கோ. பெயர், பிறந்த இடம், வதிவிடம், கிரியை நடக்கிற வீடு, நேரம், எந்த மயானம், தொடர்புக்கு ஒரு நம்பர். சின்னப் போட்டோ ஒண்டு. நூறு கிலோபைட்டுக்குள்ள அடங்கும், இலவச இடத்திலயே நிக்கும், அதைக் கையால எழுதி ஏத்த ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்கோணும், ஒராள் ஊரில ஒராள் வெளியில, அப்பதான் ஒராள் நித்திரையா இருந்தாலும் மற்றவர் முழிப்பா இருப்பார்.

"எங்கட வீட்டு நெட்தான் இரவில நிக்குது"

இது மற்றப் பக்கத்து அறிகுறி, உங்கட வீட்டுச் சாமானே எங்கயோ ஒரு சைட்டுக்கு அடிச்சுக்கொண்டு நிக்கலாம். யாழ்ப்பாணத்தில இப்ப வெளிநாட்டு ஆக்களின்ட வீடு முழுக்க கமரா, பரிஸில இருந்து முற்றத்தைப் பாக்கிறதுக்கு டிவிஆரை (கமராப் படத்தைப் பதியிற பெட்டி) நேர நெட்டுக்குத் திறந்து விட்டிருப்பினம், பூட்டின பெடியன் போட்ட பாஸ்வேட் கம்பனி பாஸ்வேட்தான். மிராய் வேலை செய்ததே இப்பிடித்தான், கம்பனி போட்ட அறுபத்துச் சொச்சம் பெயர் பாஸ்வேட் சோடிகளை ஒவ்வொண்டா அடிச்சுப் பாக்கும். அதை எழுதினது அமெரிக்காவில மூண்டு இளம் பெடியள், தொடங்கினது மைன்கிராஃப்ட் எண்ட கேமின்ட சேர்வர் போட்டியில.

ரீஸ்டார்ட் பண்ணினால் மிராய் போயிடும், அது மெமரியில மட்டும்தான் இருக்கும், ஆனால் பாஸ்வேட் மாறாட்டி கொஞ்ச நிமிசத்தில திரும்ப வந்திடும். அதால முதல்ல நெட் வயரைக் கழட்டுங்கோ, பிறகு டிவிஆரை நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ, டிவிஆரில பூட்டின ரீவித் திரையிலயே பாஸ்வேட்டை மாத்துங்கோ, றவுட்டரில போர்ட் ஃபோர்வேர்டிங்கையும் யுபிஎன்பியையும் (வெளியில இருந்து வீட்டுச் சாமானுக்கு வழி திறக்கிற செட்டிங்குகள்) எடுங்கோ, கடைசியாத்தான் வயரைத் திரும்பக் குத்துங்கோ. பரிஸில இருக்கிற அண்ணைக்குப் புதுப் பாஸ்வேட்டை போன் எடுத்துச் சொல்லுங்கோ, வைபர் குறூப்பில போடாதேங்கோ.